உன் எண் இரண்டு

சுரங்க முகாம், கலாமா
12 மார்ச் 1995

அன்புள்ள எலியானா அக்காவுக்கு,

நலம். மூவாயிரம் மீட்டர் உயரத்தில் வாரம் ஒருமுறை மூக்கிலிருந்து ரத்தம் வருவதையும் நலத்தில் சேர்க்கலாம் என்றால் நலம்தான். நீ எப்படி இருக்கிறாய்? அங்கே தெற்கே, காஸ்த்ரோவில் மழை பிடித்துக்கொண்டதா? அப்பாவின் முழங்கால் என்ன சொல்கிறது?

விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் என் ஷிஃப்டில் இருக்கும் ஏழு பேர் சேர்ந்து என்மேல் புகார் எழுதிக் கொடுத்தார்கள். நான் யாரையும் திட்டவில்லை. தப்பாகச் செய்ததைத் தப்பு என்றேன், அவ்வளவுதான். தலைமைப் பொறியாளர் ரிகெல்மே என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ சொன்னதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா சாப்பாட்டுக் கூடத்துல உன் மேசைல ஒருத்தனும் வந்து உக்கார மாட்டேங்கிறானே, ஏன்னு யோசிச்சியா?" என்றார். யோசிக்கவில்லை என்றேன். உடனே கடற்கரை நகரமான அந்தோஃபகஸ்தாவில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்.

ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒன்பது புள்ளி, உள்ளே குறுக்கும் நெடுக்கும் கோடு. எனேயகிராமா என்று பெயர். மனிதர்கள் ஒன்பது வகையாம். நான் சண்டை போடத் தயாராகத்தான் போயிருந்தேன். அளக்க முடியாத ஒன்றுக்கு எண் கொடுப்பது மோசடி என்று முதல் மணி நேரத்திலேயே எழுந்து சொன்னேன். நடத்தியவள் இவெட் என்று ஒரு பல் மருத்துவர். "சரி. ஐந்தாம் வகைய மட்டும் படிச்சிட்டு வந்து சண்ட போடுங்க, நான் எங்கயும் போகல" என்றாள்.

படித்தேன். எதையும் நாலடி தள்ளி நின்று பார்ப்பவன். கதவைச் சாத்தினால்தான் அவனுக்கு மூச்சு வரும். யாராவது ஏதாவது கேட்டால், இருப்பது தீர்ந்துவிடுமோ என்று பயம், அது நேரமானாலும் பேச்சானாலும் சரி. அக்கா, என் நோட்டை யாரோ திருடிப் படித்ததுபோல் கோபம் வந்தது. அப்புறம் கோபம் போய், இதை எழுதியவனுக்கு இன்னும் எத்தனை பேர் இப்படிக் கிடைத்திருப்பார்கள் என்று தோன்றியது.

எனக்குக் கடிதம் எழுதுகிற ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்திதான். அதனால் உன்னிடம் சொல்கிறேன். சிரித்தால் சிரி.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தம்பி,
நிகானோர்

*

காஸ்த்ரோ
29 மார்ச் 1995

அன்புத் தம்பி நிகாவுக்கு,

இங்கே இருவரும் சுகம். எனக்குக் கொஞ்சம் சளி, அப்பாவுக்கு வழக்கம்போல் முழங்கால். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காதே, குனிந்து பிடி. இதை எத்தனை முறை எழுதியிருக்கிறேன்.

நான் சிரிக்கவில்லை. அப்பாதான். அடுப்போரம் மாத்தே தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தவர், "என்னவாம் அவனுக்கு?" என்றார். "தான் யாருன்னு கண்டுபிடிச்சிட்டானாம்" என்றேன். "இருபத்தாறு வருஷம் பிடிச்சுதா அதுக்கு?" என்று கேட்டுவிட்டு, விறகை நகர்த்திவிட்டு, அப்புறம் சாப்பாடு வரைக்கும் ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அந்தப் பக்கங்களை நகல் எடுத்து அனுப்புவாயா? பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் தொரித்தாவுக்கும் படிக்க வேண்டுமாம். இன்னொன்று. என் மாதிரி ஆட்களும் அதில் இருக்கிறார்களா, இல்லை பொறியாளர்களுக்கு மட்டும்தானா?

ஒரு கம்பளிச் சட்டை பின்னி முடித்திருக்கிறேன். அடுத்த பார்சலில் வரும். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
எலியானா

*

கலாமா
16 ஏப்ரல் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி போனதா? சட்டை வந்தது, கை சற்று நீளம், பரவாயில்லை. நகல்கள் இத்துடன். நாற்பத்திரண்டு பக்கம். பதினேழாம் பக்கம் மங்கல், அது இயந்திரத்தின் குற்றம், என்னுடையது இல்லை.

அந்தோஃபகஸ்தாவில் இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை கூடுகிறோம். செருப்புக்கடை மாடி, இருபது பேர். முறை இதுதான். ஒரு வகைக்காரர்கள் மட்டும் முன்னால் நாற்காலி வரிசையில் உட்கார வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். உட்கார்ந்தவர்கள் தங்களைப் பற்றி மட்டும் பேசலாம். இன்னொருவரைப் பார்த்து உன் எண் இது என்று சொல்லவே கூடாது. ஒரு வருஷம் ஆனாலும் அவரவரே கண்டுபிடித்து அவரவர் வாயால் சொல்ல வேண்டும்.

போன சனிக்கிழமை ஐந்துகளைக் கூப்பிட்டார்கள். ஐந்து பேர் போய் உட்கார்ந்தோம். "வீட்டுக்கு விருந்தாளி வந்தா முதல்ல என்ன தோணும்?" என்று கேட்டார்கள். நான் பதில் சொல்வதற்குள் மீன்மாவு ஆலையில் வேலை செய்யும் ஒரு ஆள், "எப்ப போவாங்கன்னு" என்றார். பக்கத்தில் இருந்த நூலகக்காரி, "நான் மணிய பாத்துக்கிட்டே சிரிப்பேன்" என்றாள். அக்கா, அந்த வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் ஒரே சிரிப்பு. என்னைப் போல் நான்கு பேர் இந்த ஊரில் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான் நூறு முறை அவர்களைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஓஸ்வால்தோ என்று ஒருவர், கலாமா பேருந்தின் ஓட்டுநர், நான்காம் வகை. திரும்பும் வழியெல்லாம் அவர் பின்னால் நின்று பேசிக்கொண்டே வந்தேன். மூன்று மணி நேரம். நான்.

முகாமில் வேலையைத் தொடங்கிவிட்டேன். கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒரு அட்டவணை. ஷிஃப்டில் உள்ள எல்லார் பெயரும், பக்கத்தில் எண்ணும். ஆளுக்கு ஆறு கேள்வி, பத்து நாளில் முடித்தேன். எண்ணைச் சொல்லக்கூடாது என்பதெல்லாம் மெதுவாக யோசிப்பவர்களுக்கு ஏற்பட்ட விதி. பயல்கள் ரசிக்கிறார்கள். ஒருவரையொருவர் எண் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். என்னையும் "அஞ்சு" என்று கூப்பிட்டார்கள், இப்போது இரண்டு பேர் என் மேசையில் சாப்பிடுகிறார்கள்.

அப்பாவைக் கேட்டதாகச் சொல்.
நிகானோர்

*

காஸ்த்ரோ
7 மே 1995

அன்புத் தம்பி,

சுகம். உன் மேசையில் இரண்டு பேர் உட்கார்ந்தார்கள் என்று படித்தபோது எனக்கு வயிறு நிறைந்தது. அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். "ம்" என்றார், ஆனால் அந்தப் பத்தியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

உன் நாற்பத்திரண்டு பக்கம் இப்போது எண்ணெய்க் கறையோடு இருக்கிறது. வியாழக்கிழமை மாலை எங்கள் சமையலறையில் கூடுகிறோம். நான், தொரித்தா, சந்தையில் மட்டி விற்கும் கார்மேலா. கார்மேலாவுக்குப் படிக்கத் தெரியாது, நாங்கள் வாசிக்க வாசிக்க உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே கேட்பாள். எல்லாரையும் அதட்டி நடத்தும் எட்டாம் வகையை வாசித்து முடித்ததும், "இது எம் புருஷன் இல்ல, நான்தான்" என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நீ எழுதியிருந்த விதியை நாங்கள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம், நல்ல விதி அது.

இப்போது ஒரு விஷயம். குவெனாக் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் வேண்டும். ஒரே ஆசிரியர், பதினொரு குழந்தைகள், தங்க அறை உண்டு. ஜூனில் போக வேண்டும். வாரத்துக்கு இரண்டு படகு. என்னைக் கேட்டிருக்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் முதல் முறையாக என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் நிகா. போனால் அப்பாவைச் சித்தி வீட்டில் சாப்பிடச் சொல்ல வேண்டும். சித்தி இரண்டு வீடு தள்ளித்தானே.

போகலாமா? நீ என்ன நினைக்கிறாய்? வேறு யாரிடமும் கேட்கவில்லை.

நல்லபடி இரு. மூக்கைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

கலாமா
18 மே 1995

அக்காவுக்கு,

நலம். நலமென்று நம்புகிறேன். ஷிஃப்ட் தொடங்க இருபது நிமிடம் இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

உன் எண் இரண்டு. முதலிலேயே தெரியும், நீயாகக் கண்டுபிடிப்பாய் என்று விட்டிருந்தேன். சட்டை பின்னுவது, மூக்கு, அப்பா, எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இருக்கிறது. பதினொன்றாம் பக்கம் மூன்றாம் பத்தியைப் பார். தான் இல்லாவிட்டால் மற்றவர்களால் முடியாது என்று ஆக்கிவைத்துவிட்டு, அப்புறம் அதைப் பாரம் என்று சொல்வார்கள். குவெனாக் விஷயமும் அதுதான். இரண்டுகள் போக மாட்டார்கள். போகாதே என்று யாராவது சொல்லிக் கேட்பதற்காகப் போகிறேன் என்பார்கள். ஆகவே முடிவெடுக்க ஒன்றுமில்லை, நீ அங்கேதான் இருப்பாய்.

வருத்தப்படாதே, இது குறை இல்லை, வகை.

நிகானோர்

*

கலாமா
25 ஜூன் 1995

அக்காவுக்கு,

நலமா? ஐந்து வாரமாகக் கடிதம் இல்லை. தபால் அலுவலகத்தில் விசாரித்தேன், தெற்கிலிருந்து வரும் பைகள் ஒழுங்காகத்தான் வருகின்றனவாம். உடம்பு சரியில்லையா? அப்படியானால் அப்பாவை எழுதச் சொல். ஒரு வரி போதும்.

போன சனிக்கிழமை கூட்டத்தில் என் அட்டவணையைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன். ஓஸ்வால்தோ, "ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் சீட்டு ஒட்டுறவருக்கு இங்க ஒரு தனி நாற்காலி இருக்கு இஞ்சினியரே. மாடிப்படிக்குக் கீழ, தெருவுல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

எழுது.
நிகானோர்

*

காஸ்த்ரோ
9 ஜூலை 1995

நிகானோர்,

நான் சுகம். மழை.

உன் அக்கா ஜூன் பதினெட்டாம் தேதி குவெனாக் போய்விட்டாள். பெட்டியை நான்தான் படகுத்துறை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன். அவள் சொல்லவில்லை என்றால் நானும் சொல்வதாக இல்லை, ஆனால் நீ கேட்டிருக்கிறாய்.

மே மாதக் கடிதத்தில் என்ன எழுதினாய் என்று தெரியாது. அதை நின்றுகொண்டே படித்தாள். படித்துவிட்டு அடுப்பில் போட்டாள். உன் கடிதத்தை அவள் அடுப்பில் போட்டு நான் பார்த்ததில்லை. மற்றதெல்லாம் பிஸ்கட் டப்பாவில் இருக்கிறது.

சித்தி உப்பு அதிகம் போடுகிறாள்.

அப்பா

*

கலாமா
20 ஆகஸ்ட் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

குவெனாக் முகவரியை அப்பா அனுப்பினார். அங்கே சுகமாக இருக்கிறாயா? அறையில் அடுப்பு ஒழுங்காக எரிகிறதா? இதைப் படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி, எழுதிவிடுகிறேன்.

ஜூலை இருபத்து நான்காம் தேதி. தாது அரைக்கும் உருளைகளில் மூன்றாவதை ஓட்டுபவன் உயோவா. என் அட்டவணையில் அவன் ஆறு. ஆறு என்றால் எப்போதும் எதையாவது நினைத்துக் கவலைப்படுபவன். கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, "இஞ்சினியரே, மூணாவது உருளைல தெக்குப் பக்க பேரிங் ஒரு மாதிரி முனகுது" என்றான்.

திரையைப் பார்த்தேன். "அறுபத்தோரு டிகிரி. நல்லாத்தான் இருக்கு."

"அது காட்டுறது கெடக்கட்டும். வந்து ஒரு தடவ காத வச்சுப் பாருங்க."

பின்னாலிருந்து ஒருவன், "ஆறு பேசுது. இரு, வீட்ல அடுப்ப அணைச்சமான்னு அடுத்து கேக்கும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும். அவர்களோடு சேர்ந்து சிரிப்பது எனக்குப் புதிது அக்கா. அது பிடித்திருந்தது. அதனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

மறுநாளும் வந்து சொன்னான். மறுநாளும் சிரித்தோம். மூன்றாம் நாள் அவன் வரவில்லை. அன்று பேரிங் எரிந்தது. யாருக்கும் அடியில்லை. ஆலை முப்பத்தொரு மணி நேரம் நின்றது. திறந்து பார்த்தால், வெப்பத்தை அளக்கும் சென்சார் தன் குழியிலிருந்து நழுவி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் பொருத்திய சென்சார்.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். ரிகெல்மே தோளில் கை வைத்து, "ஓட்டுனவன் எழுத்து மூலமாத் தெரிவிக்கலன்னு ஒரு வரி போட்டுடு. பொய் ஒண்ணும் இல்லையே" என்றார். பொய் இல்லைதான். எழுத்தில் அவன் தரவில்லை. நான் வேறு மாதிரி எழுதினேன். உயோவா இரண்டு முறை வாயால் சொன்னான், அவன் பெயருக்குப் பக்கத்தில் நான் ஆறு என்று எழுதி வைத்திருந்ததால் அவன் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை என்று. ரிகெல்மே படித்துவிட்டு, "இது மேல போனா இந்த வருஷம் உனக்கு உயர்வு கெடையாது, தெரியுமில்ல?" என்றார். தெரியும் என்றேன். கிடைக்கவில்லை.

அட்டவணையைக் கிழித்துவிட்டேன். மறுநாள் காலை உயோவா தட்டோடு வந்து, "இங்க யாராச்சும் வராங்களா?" என்றான். இல்லை என்றேன். உட்கார்ந்தான். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நீங்க போட்ட நம்பரு சரியா தப்பான்னு எனக்குத் தெரியாது. எங்கம்மாவுக்குக் காது கேக்காது. சின்னதுலருந்து வீட்ல ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் கேக்கணும். பால் பொங்குறது, கதவு தட்டுறது எல்லாம். பழகிப்போச்சு" என்றான். நான் அவனிடம் ஆறு கேள்வி கேட்டிருந்தேன். அதில் ஒன்றுகூட அவன் அம்மாவைப் பற்றி இல்லை.

நீ மே மாதம் ஒரு கேள்வி கேட்டாய். நான் அதைப் படித்தபோது உன் குரலைக் கேட்கவில்லை, பதினொன்றாம் பக்கத்தைத்தான் கேட்டேன். மன்னித்துக்கொள். பதில் எழுத வேண்டும் என்று கட்டாயமில்லை.

உன் தம்பி,
நிகானோர்

*

குவெனாக்
3 அக்டோபர் 1995

தம்பி நிகாவுக்கு,

சுகம். அடுப்பு நன்றாக எரிகிறது. உன் கடிதம் செப்டம்பர் ஐந்தாம் தேதிப் படகில் வந்தது. நாலு வாரம் மேசைமேல் கிடந்தது. அடுப்பில் போடவில்லை.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ எழுதிய எண் சரி. உன் நகல்கள் வந்த அன்று மாலையே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினொன்றாம் பக்கத்தைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்தேன், சமையலறையில் அப்பா இருந்தார். அழுதேன், அப்புறம் சிரித்தேன். உன்னிடம் நானே சொல்லலாம் என்று வைத்திருந்தேன். குவெனாக் விஷயம் முடிவாகட்டும், போய்ச் சேர்ந்து அங்கிருந்து எழுதலாம், நான் இரண்டு, இருந்தும் படகேறிவிட்டேன் பார் என்று. அந்த வாக்கியத்தை மே மாதம் முழுக்க மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அதை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய். கோபம் அதனால்தான். நீ தப்பாகச் சொன்னதனால் இல்லை.

இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் மில்காவோ என்ற உருளைக்கிழங்கு ரொட்டியை நீட்டுகிறார்கள், வேண்டாம் என்றால் வருத்தப்படுகிறார்கள். நானும் தின்று தின்று பாவாடைக் கொக்கி மாட்டவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை படகுக்காரர் வந்து மனு ஒன்று எழுதித் தரச் சொன்னார். "இன்னிக்கு முடியாது" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவை. "சரி டீச்சர், திங்கக்கிழம வரேன்" என்று போய்விட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அரை மணி நேரம் சன்னலோரம் நின்று அவர் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்தகத்தில் இருக்கும் செவிலி நோர்மாவும் இன்னும் மூன்று பேரும் வியாழக்கிழமை வருகிறார்கள். குழந்தைகளின் பெஞ்சில்தான் உட்காருகிறோம், முழங்கால் மோவாயில் இடிக்கும். நோர்மா தானும் இரண்டு என்று சொன்னாள். அன்றைக்கு நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் தேநீர் ஊற்றிக் கொடுப்பதில் சண்டையே வந்துவிட்டது.

உயோவாவைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருந்தாய். சந்தோஷம். அந்த அறிக்கையை எழுதியதற்கு அதைவிடச் சந்தோஷம். அப்பாவிடமும் சொல்லியிருக்கிறேன். ஆனால் நிகா, நான் கேட்டது இன்னும் அங்கேயே நிற்கிறது. போகலாமா, நீ என்ன நினைக்கிறாய் என்றேன். போ என்றோ போகாதே என்றோ தெரியவில்லை என்றோ ஒரு வார்த்தை வரவில்லை. நான் வந்துவிட்டேன், இனி அந்தப் பதிலால் எனக்கு ஆகவேண்டியது எதுவும் இல்லை. இருந்தாலும் வேண்டும்.

மூக்கில் ரத்தம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை.

அக்கா,
எலியானா

*

கலாமா
5 நவம்பர் 1995

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். குனிந்துதான் பிடிக்கிறேன். கொக்கியைத் தள்ளித் தைத்துக்கொள்.

உன் கடிதத்தோடு சனிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். ஐந்துகளின் வரிசையில் உட்கார்ந்து, அக்காவுக்கு ஒரு பதில் கடன் என்று சொன்னேன். ஓஸ்வால்தோ, "என்ன பதில்?" என்றார். அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "யோசிக்கிறேன்னு உங்க வரிசைக்காரங்க சொன்னா எனக்கு வேற மாதிரி கேக்கும். என்ன பயம்?" என்றார். பேருந்தில் வரும்போதுதான் புரிந்தது.

பதில் இது. போகாதே என்றுதான் நினைத்தேன். அதற்கும் உனக்கும் சம்பந்தம் இல்லை. நீ போனால் வீட்டில் அப்பா தனி. அப்பா தனியாக இருந்தால் விடுமுறைக்கு நான் போக வேண்டும். போனால் அந்தச் சமையலறையில் நானும் அவரும் மட்டும். அவர் சொன்னதை என்னிடமும் நான் சொன்னதை அவரிடமும் இத்தனை வருஷம் நீதான் சொன்னாய். நீ இல்லாமல் அவரிடம் எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது. பயமாக இருந்தது. அதை எழுத வெட்கப்பட்டுக்கொண்டு உன் எண்ணை எழுதினேன்.

இப்போது கேட்டால், போ என்பேன். ஆறு மாதம் தாமதம்.

டிசம்பர் இருபதாம் தேதியிலிருந்து எனக்குப் பன்னிரண்டு நாள் விடுப்பு. காஸ்த்ரோ போகிறேன். நீ நடுவில் வந்து உட்கார வேண்டாம், கிறிஸ்துமஸுக்குக்கூட வர வேண்டாம். நாங்கள் இருவரும் குவெனாக் வருகிறோம். அப்பாவுக்கு எழுதிக் கேட்டேன். ஒரே வரியில் பதில் வந்தது: "படகு மூணு மணி நேரம், பேச்ச நீதான் ஆரம்பிக்கணும்."

ஆரம்பிக்கிறேன் என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

உன் தம்பி,
நிகானோர்